பதினேழாம் கேள்வி

"ஒரு தடவைக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள்?"
பதினேழாம் கேள்வி இது.
ஹோப்ஸ் நிறுத்தத்தில் காலை ஏழரையிலிருந்து
கேட்டுக்கொண்டு நிற்கிறேன்,
இன்னும் வராத ரயிலுக்கு.
ஒரு படிவத்துக்கு முப்பத்தைந்து ரூபாய் எனக்கு.

பம்ப்செட்டுக்குக் காயில் சுற்றும் பையன்
படியில் ஒரு கால் வைத்தபடி "பத்து" என்றான்.
பஸ் நகர்ந்ததும்
"ஏசி இருந்தா இருவது!" என்று கத்தினான்.
எதைப் பதிவது?

நேற்று கணபதியில் பட்டறைக்கார அர்த்தநாரி
படிவத்தைப் பார்க்கவேயில்லை.
சுவரில் அளவுக்காரர் அடித்துப்போன
சிவப்புக் குறியைக் காட்டினார்.
"ரயில் வரட்டுங். யாரு வேண்டாம்னது?
அந்தப் பக்கமா வரட்டுங்."
எதிர்ச்சாரியிலும் அதையேதான் சொன்னார்கள்,
இந்தப் பக்கத்தைக் காட்டி.

"பஸ்ஸு எங்களுக்குச் சும்மாதானுங்க" என்றாள்
மில்லுக்குப் போகும் மாராத்தாள்.
"ராத்திரி பத்தரைக்கு ஷிப்டு விடும்.
அப்ப ஓடுற சும்மா பஸ்ஸு எதுங்க?
ஆட்டோவுக்கு நாப்பது அழுவறேன்.
உங்க ரயிலு பத்தரைக்கு ஓடுமுங்களா?"
அதற்குக் கட்டமில்லை.
'இதர' என்ற இடத்தில்
"பத்தரை ஷிப்டு" என்று தட்டினேன்.

சிங்காநல்லூரில் தையல்கடையும் சீட்டும் நடத்தும் வசந்தாமணி
ஊசியை உதட்டில் கவ்வியபடி கேட்டாள்:
"மொத்தம் எத்தனை கண்ணு?"
ஆயிரங்களில் கோடி என்றேன்.
"யாரு யாரு போடறாங்க?"
மாநிலம் ஒரு பங்கு, ஒன்றியம் ஒரு பங்கு,
மிச்சம் கடல் தாண்டிய வங்கியின் கடன்.
"மொதப் பங்கு யாரு வெக்கறது?"
அவர் வைத்தால் இவர்,
இவர் வைத்தால் அவர்.

ஊசியை எடுத்துத் துணியில் குத்தினாள்.
"எஞ்சீட்டுல இருவது பேரு.
அஞ்சாந் தேதி ஒருத்தி கட்டலீன்னா
எங்கையிலிருந்து போட்டுட்டுத்தான்
அவ வாசல்ல போயி நிப்பேன்.
ஏலம் நிக்கக் கூடாது.
ஒரு மாசம் நின்னுச்சுன்னா
அப்புறம் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."
கத்தரியைத் தேடினாள்.
"எனக்குப் பதினஞ்சு போட்டுக்கோ.
முன்பணமாக் கேட்டாலும் தர்றேன்.
ரசீது வேணும், ஆமா."

இருட்டியபின் மேம்பாலத்தின் அடியில் நிற்கிறேன்.
தலைக்கு மேல் கார்கள்.
இந்தத் தூண்களை நடும்முன் யாரும்
பதினேழாம் கேள்வி கேட்டதாய் எனக்கு நினைவில்லை.

நாற்பத்தோரு படிவம்.
சராசரி பதிமூன்று ரூபாய் சொச்சம் என்கிறது கருவி.
நீலாம்பூர் பஸ் நிற்காமல் போகிறது.
பின்னாலேயே ஓடுகிறேன்,
மாராத்தாளின் பத்தரையைச்
சராசரியில் சேர்க்கத் தெரியாமல்.