ஆவி

பரோயேத் தீவுகளில் எங்களுடையது கடைக்கோடி.
நாற்பத்தொரு வீடு, ஒரு தேவாலயம்,
ஒரு தபால் அறை.
என் சமையலறைக்கும் அதற்கும் நடுவில் கதவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் படகு வரும்,
கடல் சம்மதித்தால்.

பசை இளகும் நேரம் எனக்கு அத்துப்படி:
கெட்டில் மூக்கில் காட்டினால்
டென்மார்க் உறைக்கு இருபது எண்ண வேண்டும்,
மருத்துவமனை உறைக்கு முப்பத்தைந்து.
காதலர்கள் நாவால் நனைத்து ஒட்டியது
எட்டு எண்ணுவதற்குள் வாய் திறந்துவிடும்.

பதினோரு வருஷம்.
கிரீன்லாந்துக் கடலிலிருந்து ஒருவன்
தன் மனைவி மார்யுனுக்கும் அவள் தங்கைக்கும்
ஒரே வாரத்தில் எழுதிய ஒரே வாக்கியம்
எனக்கு மனப்பாடம்.

பாவம் என்று இதற்குப் பேர் வைக்கவில்லை நான்.
ஜெபக் குறிப்பு என்று வைத்திருந்தேன்.
ஒன்றும் தெரியாமல் எப்படி மன்றாடுவது?
படித்து, ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி,
ஒவ்வொரு பேருக்கும் முழங்காலில் நின்றேன்.
கண்ணீர்கூட வந்தது.
அந்தக் கண்ணீர் பொய்யில்லை,
அதுதான் இன்னும் வெட்கம்.

அந்த வெள்ளி இரவு ஜெபக் கூட்டத்தில்
என் வாய் என்னை முந்திக்கொண்டது:
"ஆண்டவரே, எங்கள் சுன்னிவாவின்
இடது மார்பில் இருக்கும் கட்டியை..."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.
சுன்னிவா தலை நிமிர்ந்தாள்.
யாரிடமும் அவள் சொல்லாத மார்பு அது.
கடிதம் இன்னும் என் மேசையில்,
மறுநாள் காலை கொடுக்க வேண்டிய கட்டில்.

அன்றிரவு என்னை ஒருவர் ஆவியில் காட்டினார்.
விளிம்பு விளிம்பாக, கிழியாமல்,
என் கைவேலையைவிட நாசூக்காக.
உள்ளே இருந்தது அவருக்குப் புதிதில்லை.
வாசிக்கச் சொன்னது என்னை.

விடிந்ததும்
ஒட்டிய உறையை மறுபடி திறந்தேன்.
திறந்த வாயோடு எடுத்துப் போனேன்.
சுன்னிவா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.
கத்தியைக் கீழே வைக்கவில்லை.
"எத்தனை?"
"எல்லாம்."
இரண்டு கிழங்கு சீவி முடித்துச் சொன்னாள்:
"என் உடம்பை என்னைவிட
ஒரு ராத்திரி முன்னால் தெரிந்துகொண்டாய், ரன்வா."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை.
இன்றுவரை சொல்லவில்லை.
ஆனால் செவ்வாய்க்கிழமை படகு ஊதியதும்
கிழங்குக் கூடையோடு வந்து
தபால் அறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.
கடிதங்களை வீடுவாரியாகப் பிரித்தேன்.
உறையைப் பிரிக்கவில்லை.
தோல் சுருள் சுருளாக விழுந்துகொண்டிருந்தது.
வெள்ளியும் வந்தாள்.
அப்படி ஏழு வாரம்.

மற்ற வீடுகளுக்கும் போனேன்,
தபால் கொடுக்கிற அதே வரிசையில்.
மூன்று கதவு முகத்துக்கு நேரே சாத்தப்பட்டது.
ஒருவர் காபி கொடுத்தார், அதுதான் தாங்கவில்லை.
மார்யுன் மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
"தங்கைக்கு அவன் என்ன எழுதுகிறான்?"
நான் பதில் சொல்லவில்லை.
பதினோரு வருஷத்தில் அது என் முதல் மௌனம்.

தலைமை அலுவலகத்துக்கும் எழுதிவிட்டேன்.
பதில் என் கை வழியாகத்தான் வர வேண்டும்.

இப்போது சுன்னிவா டோர்ஷவன் ஆஸ்பத்திரியில்.
நாற்காலி காலி.
இன்றைய பையில் ஒரு தடித்த உறை,
அவள் கையெழுத்து,
அவள் அண்ணன் ட்ரோண்டூருக்கு.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
ஆம், பார்த்தேன்.
என் கை தானாகக் கெட்டிலுக்குப் போனது.
நெஞ்சு திரும்பிய பின்னும்
கைக்குத் திரும்ப நாளாகும்.

கெட்டிலை வாசலுக்கு வெளியே மழையில் வைத்தேன்.
உறையைக் கோட்டுக்குள் வைத்து நடந்தேன்.
ட்ரோண்டூர் வாங்கினான், கதவைச் சாத்தினான்.
ஆட்டு ரோமம் கத்தரிக்கும் முரட்டு விரல்,
காகிதம் கோணலாகக் கிழியும் சத்தம்.
அடுத்த சத்தத்துக்கு நான் நிற்கவில்லை.

பாதையில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று,
ஆண்டவரே, சுன்னிவா, என்றேன்.
அவ்வளவுதான்.
மேற்கொண்டு சொல்ல
எனக்கு ஒன்றும் தெரியாது.