மலைக்கு எவ்வளவு

திபிலிசியின் பழைய கட்டடங்களில்
லிஃப்ட் ஏறக் காசு போட வேண்டும்,
இறங்க வேண்டாம்.
இறங்கித்தான் வந்திருந்தார் சியாலா, எட்டாம் மாடியிலிருந்து,
ரசீதுப் புத்தகத்தோடு.

இனி ஆயிரத்து இருநூறு என்றார்.
ஆயிரம் என்றாள் நெஸ்தான்.
ஹீட்டர் இருமுவதைச் சொன்னாள்,
குழாயை, பூஞ்சை பிடித்த மூலையை.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்; தொகை அசையவில்லை.

திரைச்சீலையை விலக்கினாள்.
"நான் குடிவந்தபோது இங்கே ஒரு மலை இருந்தது."
இப்போது பதினெட்டு மாடி சிமெண்ட்,
அதில் யாருடைய ஈரத் துண்டோ.

"மலையை நானா விற்றேன்?"

"வாடகையில் அதையும் சேர்த்தீர்களே."

சியாலா வெகுநேரம் ஜன்னலிலேயே நின்றார்.
எட்டாம் மாடியிலும் அதே சுவர்தான்.

நூற்றைம்பது குறைத்து எழுதினார்.
கிளம்புகையில் கதவருகே கையை நீட்டினார்:
"மேலே போக ஒரு காசு இருக்கிறதா?"