பத்து லிட்டர்

கடைக்காரர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்:
"உங்கள் வீட்டில் ஒரே நேரத்தில்
எத்தனை குழாய் திறக்கும்?"

சுவரில் வரிசையாய் வெள்ளைப் பெட்டிகள்.
வயிற்றில் துளி நீர் வைத்துக்கொள்ளாதவை,
கேட்டால் மட்டும் சுடுபவை.
ஐந்து, ஏழு, பத்து, பதினான்கு என்று
நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்.

"தனி ஆளுக்கு ஐந்து போதும்" என்றார்
என் கைப்பையைப் பார்த்தபடி.
ரெனாத்தோ வடக்கே செம்புச் சுரங்கத்துக்குப் போனதையும்
அங்கே வேறு முகவரி எழுதிக்கொண்டதையும்
இந்தப் பையா சொல்லிற்று?

"இரண்டு குழாய். பத்து லிட்டர் கொடுங்கள்."

பொய்க்கு எண்பதாயிரம் பெசோ கூடுதல்.

பொருத்த வந்த எலெயுத்தேரியோ
குளியலறைக்குள் வேண்டவே வேண்டாம் என்றார்.
"இதுவும் மூச்சு விடும், அம்மா.
ஜன்னல் சாத்திய அறையில்
உங்கள் பங்கையும் சேர்த்துக் குடித்துவிடும்.
வாசனை வராது. தூக்கம்தான் வரும்."
பின்பக்கத் தகர வராந்தாவில்,
துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும் சுவரில்
நாலு ஆணியில் மாட்டினார்.
சோப்புத் தண்ணீரை இணைப்பில் தடவி
குமிழி வருகிறதா என்று
என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார்.
வரவில்லை.

வால்பராய்சோவில் தண்ணீரும் குன்று ஏறித்தான் வர வேண்டும்,
எங்கள் தெருவுக்கு வரும்போது களைத்துப்போயிருக்கும்.
குழாயை நூலிழையாய்த் திறந்தால் தீ பற்றாது.
அரை மனதாய்க் கேட்பது
அந்தப் பெட்டிக்கு விளங்குவதில்லை.
முழுக்கத் திற.
டிக் டிக் டிக்,
பிறகு பக்கென்று நீலம்.

அதற்குப் பிறகும் உடனே வராது வெந்நீர்.
குழாயில் நேற்றிரவு தங்கிய குளிர்
முதலில் வெளியேற வேண்டும்.
அதை வாளியில் பிடித்து ஜெரேனியத்துக்கு ஊற்றினேன்.
இந்த வருஷம் அவை வெட்கமில்லாமல் பூத்தன.

ஜூனில் வடகாற்று.
தலையில் நுரை, உடம்பில் துண்டு,
வராந்தாவுக்கு ஓடி
அணைந்துபோன தீயை நான் வைத வசவுகளைக் கேட்டு
கீழ்வீட்டுக் கிளி இரண்டைக் கற்றுக்கொண்டது.
சிலிண்டர் தீர்வதும் எப்போதும்
ஷாம்பூ போட்ட பிறகுதான்.
மறுநாள் காலை
ஸ்பேனரால் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு லாரி வரும்,
தெருநாய்கள் மேளத்தின் பின்னால் போவதுபோல் போகும்.

ஆகஸ்டில் ஓர் இரவு நிலம் உலுக்கியது.
முன்பெல்லாம்
நான் கதவைத் திறந்து பிடித்துக்கொள்வேன்,
அவன் கேஸை மூடப் போவான்.
அன்று இருட்டில்
என் கால்கள் என்னைக் கேட்காமலே வராந்தாவுக்குப் போயின.
வால்வைத் திருகி மூடிய பிறகுதான்
கதவு நினைவுக்கு வந்தது.
அதுவே திறந்துகொண்டு
ஆடிக்கொண்டிருந்தது.

காலையில் பக்கத்து வீட்டு ஃப்ரெசியா,
தோளில் துண்டு, கையில் பிள்ளை.
அவளுடைய பழைய ஹீட்டர்
சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்து நிற்கிறதாம்,
வெளியூர் கிளம்பிய ஆள் போல.
குளிக்கலாமா என்று கேட்கவில்லை,
நானும் குளி என்று சொல்லவில்லை.
இணைப்புக்கு மறுபடி சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து
வால்வைத் திறந்தேன்.

அவள் உள்ளே பாடிக்கொண்டிருந்தாள், சுருதி கொஞ்சமும் இல்லாமல்.
நான் ராத்திரித் தட்டுகளைக் கழுவ
பழக்கதோஷத்தில் வெந்நீர்க் குழாயைத் திறந்தேன்.

"யாஸ்னா!"

பத்து லிட்டர் என்பது பெட்டியில் எழுதியது.
குன்றுத் தண்ணீருக்குப் படிக்கத் தெரியாது.

சட்டென்று மூடினேன்.
பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.
அவள் பையன் ஒரு காலணியைக் கழற்றிவிட்டு
மற்றதன் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
என் கையில் நுரை, தட்டில் எண்ணெய்.
அடுப்படியில் அப்படியே நின்றேன்,
வராந்தாவில் நீலம் எரியும் சத்தம்
இன்னும் கொஞ்ச நேரம் கேட்கட்டும் என்று.