பூட்டைப் பெற முடியவில்லை

ஒரூரோவில் ஆகஸ்ட் காற்று
பெயர்ப்பலகையின் ஆணியைக்கூடத் தின்னும்.
திங்கள் காலை கடை திறக்க இறங்கினால்
வாசலுக்கு மேலே தொங்கிய தகரச் சாவியைக் காணோம்.
என் உயரத்தில் பாதி. மஞ்சள் பெயிண்ட்.
பூட்டுக்காரி கடையிலேயே களவா என்று
எதிர்வரிசை பேட்டரிக் கடைக்காரன் சிரித்த சிரிப்பில்
அவன் மேலேயே சந்தேகம் விழுந்தது.

மூலை மருந்துக்கடையின் கேமரா பார்த்திருக்கிறது.
எவெலியோ அந்த இரவை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான்.
வாஸ்கரிடம் வாங்கிய பழைய மடிக்கணினியோ
இதைத் திறக்க என்னிடம் ஆளில்லை என்றது.
லினக்ஸ் அப்படித்தான், டோன்யா பெத்ரோனா,
கேட்டால்தான் தரும் என்று சொல்லி
பில்லின் முதுகில் நாலு வரி எழுதித் தந்திருந்தான் வாஸ்கர்.

கறுப்பு ஜன்னல். உள்ளே ஒரு கோடு
கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.
இடைவெளி எங்கே, எழுத்து எங்கே என்று
கண்ணாடியை ஏற்றி ஏற்றி ஒவ்வொன்றாய் அடித்தேன்.
கடவுச்சொல் கேட்டது.
அடிக்கிறேன், ஒன்றும் தெரியவில்லை.
புள்ளி இல்லை, நட்சத்திரம் இல்லை.
விசைப்பலகை செத்துவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.
அப்புறம் உறைத்தது, அட, இது என் வேலைதானே.
சாவித் துளைக்குள் நடப்பதை
நான் என்றைக்குப் பார்த்தேன்?
முப்பத்தொரு வருஷமாய் விரல்தான் பார்க்கிறது.

அடுத்த வரி சொன்னது:
பூட்டைப் பெற முடியவில்லை.
அது 2117 வசம் இருக்கிறது.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.
யாரிடம் சொல்கிறாய்?

வாஸ்கரின் நாலாவது வரி:
பூட்டு என்று சொன்னால் அந்தக் கோப்பை அழித்துவிடவும்.
சின்னப் பையன்.
நானும் தொழிலுக்கு வந்த வருஷம்
ஒரு குளியலறைக் கதவை அப்படித்தான் பெயர்த்தேன்.
உள்ளே நோட்டரி ஒருவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.
வாய் நிறைய நுரையோடு குட் மார்னிங் சொன்னார்.
அன்றிலிருந்து மூன்று முறை தட்டாமல்
எந்தக் கதவிலும் கை வைப்பதில்லை.

2117 யாரோ, உள்ளே என்ன வேலையோ,
முடித்துவிட்டு வரட்டும்.
இரண்டு சாவி அரைத்தேன். ஒரு டீ.
மறுபடி அதே வரியை அடித்தபோது
பூட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

கேட்டது ஒரே ஒரு பிளேயர்.
மாப்பிள்ளையைக் கூப்பிட்டால்
பஸ் பிடித்து வந்து இறங்கும் சம்பந்திக் கூட்டம் மாதிரி
நாற்பத்து மூன்று பேர் கூடவே வருவார்களாம்.
சம்மதமா என்று கேட்டது.
ஆம் பெரிய எழுத்தில், இல்லை சின்ன எழுத்தில்.
இயந்திரத்துக்கும் ஆசை இருக்கும்போல.

கடைசியில் வந்து நின்றது ஓர் ஆரஞ்சுக் கூம்பு,
ரோட்டில் குழி தோண்டினால் வைப்பார்களே, அதுவே.
அழுத்தினேன்.
என் தெரு ஓடத் தொடங்கியது.

3:12. சாவி ஆடுகிறது. ஆடுகிறது. விழுகிறது.
அரை மணி நேரம் வெறும் குப்பை பறக்கிறது.
3:41. தெரு கூட்டுகிற பெண், முகத்தைச் சுற்றித் துணி,
தள்ளுவண்டியின் முன்னால் அதே ஆரஞ்சுக் கூம்பு.
சாவியை நிமிர்த்தித் தன் தோளோடு அளந்து பார்க்கிறாள்.
இரண்டு பக்கமும் பார்க்கிறாள்.
திருடி, இதோ, என்று எழுந்தே விட்டேன்.
அவள் என் ஷட்டரைத் தட்டுகிறாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.
நிற்கிறாள்.
மேலே ஜன்னலில் விளக்கு எரியவில்லை.
அந்த ஜன்னலுக்குள் தூங்குவது நான்.
படத்தில் சத்தமில்லை.
ஒலி நூறைத் தாண்டி நூற்றிருபத்தைந்து வரை ஏறுகிறது இதில்,
ஏற்றியும் பார்த்தேன்.
காற்றே பறித்துக்கொண்டு போகாமல் இருக்க
சாவியை வண்டியில் கயிறு போட்டுக் கட்டுகிறாள்.
பிறகு, எதற்கோ, திரும்பி வந்து
நாலாவது முறையும் தட்டுகிறாள்.

துப்புரவு வண்டிகள் நிற்கும் கொட்டகை
ஆறு மணிக்குத் திறக்கும்.
பேட்டரிக்காரனிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.