ஆறு வார எம்.சி.

முட்டியில் கத்தி வைத்த பிறகு
ஆறு வாரம் பஸ் ஓட்டக் கூடாது என்றார்கள்.
பதினேழு வருடம்
ஜெட்டியிலிருந்து ஆயர் ஈத்தாம்,
ஆயர் ஈத்தாமிலிருந்து ஜெட்டி.
வண்டி நின்றும்
கால் தூக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

லோரோங் கூலிட் சந்தைக்கு
மேசை விளக்கு வாங்கத்தான் போனேன்.
விளக்கு எரியவில்லை.
அதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொள் என்று
துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்றைத் தள்ளினான்.
பன்னிரண்டு வெள்ளி.
உள்ளே
உறைகளிலிருந்து கத்தரித்த மூலைகள்.
யாரோ யாருக்கோ எழுதியதில்
சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு
கூலியை மட்டும் சேர்த்து வைத்த மாதிரி.

எப்படித் தொடங்குவது என்று யாரையும் கேட்கவில்லை.
முதலில் சுடுதண்ணீர் ஊற்றினேன்.
சிவப்பு உறை ஒன்று சாயம் கக்கி
டென்மார்க் ராஜா ஜம்பு நிறமானார்.
அப்புறம் நகத்தால் கிளப்பி
ஓரத்தில் இரண்டு பல் போனது;
பல் போனால் தலைக்கு மதிப்பில்லை என்று
யார் கண்டது?
மரகதத்தின் புருவ இடுக்கியைக்
கேட்காமல் எடுத்தேன்.

பச்சைத் தண்ணீரில்
முகம் மேலே பார்க்க மிதக்கவிட்டுக்
காத்திருக்க வேண்டும்.
பசை விட்டுத் தலை நழுவும் நொடி
விரலுக்குத் தெரிகிறது,
கொம்தாரில் கூட்டம் இறங்கியதும்
வண்டி லேசாவது போல.

தினசரியின் நினைவஞ்சலிப் பக்கத்தில் காயப்போட்டேன்.
கண்ணீர் அஞ்சலிகளுக்கு நடுவே
மகுடம் வைத்த ஆறு பேர்,
ஒரு பெங்குவின்,
விண்வெளிக்குப் போன நாய்.
மரகதம் வேர்க்கிறது என்று காற்றாடியைப் போட்டாள்.
மங்கோலியா ஐஸ்பெட்டிக்கு அடியில் கிடைத்தது.
பெரு இன்னும் கிடைக்கவில்லை.

நாடு பிரிப்பதுதான் பெரும்பாடு.
ஹெல்வெத்தியா என்றால் சுவிஸ்,
சுவோமி என்றால் பின்லாந்தாம்.
ஊருக்கு ஒரு பேர், வீட்டுக்கு ஒரு பேர்.
நானும்தான்
ஐ.சி.யில் தட்சணாமூர்த்தி, டிப்போவில் தட்சா.
பேரே போடாத நாடு ஒன்றும் இருந்தது,
மூலையில் ராணியின் தலை மட்டும்.
பார்த்தாலே தெரிந்துவிடும் என்ற தைரியம்.
எங்களுக்குத் தெரியாமலா.

நேபாளம் ஒன்றே ஒன்று.
பனிமலை,
அதன் மேல் பாதி ஏறிய கறுப்பு முத்திரை.
எழுத்து புரியாமல்
கோலை ஊன்றி லிஃப்டில் இறங்கிப் போய்
காவல் சாவடியில் மன்பீர் லிம்புவிடம் காட்டினேன்.
டார்ச் அடித்துப் பார்த்தார்.
மலையை அல்ல, முத்திரையை.
"தன்குட்டா" என்றார்.
பிறகு, என் மலாய்க்கும் அவர் மலாய்க்கும்
நடுவே எங்கோ நின்று சொன்னார்:
எங்கள் ஊர்க் கடிதம்
இந்த ஆபீஸ் வழியாகத்தான் வரும்.

தேதியில் வருடம் பதியவில்லை.
இல்லாத வருடத்தை அவர்
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒரு கார் ஹாரன் அடித்தது,
கேட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி பார்த்தார்.
இன்று ராத்திரி வைத்துக்கொள்ளட்டுமா?
ஓரத்தைத் தொடாதீர்கள் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
இடுக்கியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அது போன செவ்வாய்.
இன்று திங்கள், முதல் ட்ரிப்பு, ஐந்தரை மணி.
சாவடியைத் தாண்டும்போது பார்த்தேன்.
கண்ணாடிக்கு உள்பக்கம்,
வருகைப் புத்தகத்தின் மேல்
தண்ணீர் போத்தலில் சாய்ந்து நிற்கிறது பனிமலை.
அவர் சல்யூட் அடித்தார்.
நான் எதுவும் கேட்கவில்லை.

பள்ளிக்கூட நோட்டில்
நேபாளம் என்று தலைப்பு போட்ட பக்கம்
அப்படியே இருக்கிறது.
மரகதம்தான்
இடுக்கி எங்கே, இடுக்கி எங்கே என்கிறாள்.