பட்டாணி அளவு

மருந்துக்கடைப் பெண் குளிர்பெட்டியைத் திறந்து
எடுத்துத் தந்த சின்னக் குழாய்
வீடு வரும்வரைக்கும் கைக்குள்
மீன்குஞ்சு போலக் குளிர்ந்தது.
பெட்டியில் பெயர்: லக்சிகா.
வயது பதினைந்து, காசு கட்டத் தேவையில்லை.
எனக்கு நாற்பத்திரண்டு.
எனக்கும் பரு.

தோல் டொக்டர் ஹில்டெப்ராண்ட் சொன்னா:
இரவில் ஒருதரம். கழுவி, துடைத்து, காயவிட்டு
பட்டாணி அளவு.
பருவுக்குப் பருவாய்ப் பொட்டு வைக்கிறதில்லை,
முகம் முழுக்க மெல்லிசாய்.
பன்னிரண்டு கிழமை, பிறகு நிப்பாட்ட வேணும்.
நீண்டுபோனால் கிருமி மருந்தைப் படித்துக்கொள்ளும்.
வெயிலில் நிற்க வேண்டாம் என்றும் சொன்னா,
வுப்பர்டாலில் இருந்துகொண்டு.
மூன்று பேரும் யன்னலைப் பார்த்தோம்.
தொங்கு ரயிலின் வயிற்றிலிருந்து
மழை ஆற்றுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

படித்துக்கொள்ளும்!
இங்கே வந்து பத்தொன்பது வருசம்.
கரண்டி ஏன் ஆண், முள்ளுக்கரண்டி ஏன் பெண்,
கத்தி ஏன் இரண்டுமில்லை என்று
நான் இன்னும் தடுமாறுகிறேன்.
ஒரு கிருமி மூன்று மாதத்தில் பாஸ்.

முதல் கிழமை மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன்,
அவ்வளவுதான்.
இரண்டாம் கிழமை இடது தாடையில் கொஞ்சம்.
பிறகு வலது.

பதினைந்தில் வருகிற பரு கத்தும்.
நாற்பத்திரண்டில் வருவது
தோலுக்கு அடியில் கதிரை போட்டு உட்காரும்.
பேக்கரியில் பாணைக் கடதாசியில் சுற்றும்போது
எதிரில் நிற்கிறவரின் கண்
என் கண்ணிலிருந்து வழுக்கிக் கீழே இறங்கும்.
ஹாகனில் ஒரு சாமத்தியவீட்டில்
வீடியோக்காரத் தம்பி வெளிச்சத்தை
என் முகத்திலிருந்து கொஞ்சம் திருப்பினான்.
மரியாதைக்குத்தான்.
அந்த மரியாதை இரண்டு நாள் எரிந்தது.

லக்சிகா குழாயை அடியிலிருந்து
மடித்து மடித்து வருகிறவள்.
நான் நடுவில் அமத்துகிறவள்.
ஒவ்வொரு இரவும் தடயத்தை நீவிவிட்டுப் படுப்பேன்.
அவள் பத்து நிமிடம், கதவு பூட்டு,
நான் பத்து நிமிடம், கதவு பூட்டு.
இரண்டு முகமும் தெரிந்தது
கண்ணாடிக்கு மட்டும்.

மருந்து துணியை வெளுக்கும் என்று
டொக்டர் முதல் நாளே சொல்லியிருந்தா.
அவளுடைய தலையணைக்கு வெள்ளை உறை வாங்கினேன்,
வெள்ளைத் துவாய் வாங்கினேன்.
என் வேலைச் சட்டை வைன் சிவப்பு.
அதை நினைக்கவில்லை.
ஒன்பதாம் கிழமை, சனி காலை,
காலரில் நாலு புள்ளி,
தோடம்பழ நிறத்தில்
கையெழுத்துப் போட்டதுபோல.

அவள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.
என் காலரைப் பார்த்தாள். தாடையை.
திரும்பவும் காலரை.
முட்டையில் உப்புத் தூவினாள்.
‘கழுவிட்டோ பூசுறனீங்கள்?’
‘ஓம்.’
‘காயவிட்டு?’
‘...’
‘காயவிடோணும் அம்மா.’

திங்கட்கிழமை எட்டு மணிக்கு
டொக்டர் வீட்டுக்கு அவளே போன் எடுத்தாள்.
என் பிறந்த வருசத்தை
எந்தக் கூச்சமும் இல்லாமல் உரக்கச் சொன்னாள்.
அடுத்த இடம் பெப்ரவரியில்.
இது ஒக்டோபர்.
‘அதுவரைக்கும் என்ர மருந்தைத் தொடக்கூடாது,
உங்கட கிருமிக்கு டியூஷன் குடுக்காதேங்கோ.’

அன்றிரவு அவள் கதவு பூட்டவில்லை.
நான் பல் தீட்டிக்கொண்டு நின்றேன்.
விரல் நுனியில் பிதுக்கிக் காட்டினாள்:
‘இதுதான் பட்டாணி.
நீங்கள் எடுத்தது கொண்டைக்கடலை.’
நுரை வாயோடு சிரித்ததில்
கண்ணாடியெல்லாம் புள்ளி.

புதுச் சட்டை கேட்டால் கடையில் தருவார்கள்.
நான் கேட்கவில்லை.
பாண் வாங்க வருகிறவர்கள் இப்போது
காலரைத்தான் பார்க்கிறார்கள்.