ஆயிரத்தில் ஒரு பங்கு

குப்பியின் மேல் எழுதியிருக்கிறது: முயல்.
உள்ளே நூறு மைக்ரோலிட்டர்.
ஓர் எறும்பு குளிக்கலாம், இரண்டுக்குப் பத்தாது.
விலை நாற்பத்தோராயிரம்.

சென்னையில் உலர்பனியோடு ஏறியது
பரமக்குடி தாண்டுவதற்குள் வெறும் பெட்டியாகி
ராமநாதபுரம் கூரியர் கடையில்
யாருடைய மிக்சிக்கோ பக்கத்தில் கிடந்தது.
மீன் மார்க்கெட்டில் உடைத்த ஐஸை வாங்கி அள்ளிக் கொட்டி
மண்டபம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பக்கத்து சீட்டு அம்மா கேட்டார்:
கணவாய் கிலோ என்ன விலைக்கு எடுத்தே?

படகு ஓட்டும் ஜபருல்லாவுக்கு வேறு கணக்கு.
'எதிர்க்க இருக்குறதே முசல் தீவு.
முப்பது வருசத்துல ஒரு முசலக்கூட நான் பாத்ததில்ல.
பாக்காத முசலுக்கு நாப்பத்தோராயிரமா செல்வி?'

முயலுக்கு ஒரு துண்டுப் புரதத்தைக் காட்டினார்கள்.
அது தன் ரத்தத்தில் அதை மனப்பாடம் செய்தது.
அந்த மனப்பாடத்தைத்தான் வாங்கியிருக்கிறோம்.

எதிர்ப்பொருள் முழுசாய் இருப்பதைக் கண்டுகொள்ளாது.
செல்லுக்குள் கைகட்டி உட்கார்ந்திருக்கும்
காஸ்பேஸ் மூன்று என்கிற ஆளை
அது தாண்டிப் போய்விடும், தெரியாதவர் மாதிரி.
அவனை யாராவது வெட்டினால்
அவன் எழுந்து மற்ற எல்லாவற்றையும் வெட்டுவான்.
அப்போது மட்டும் அந்த வெட்டுவாயில் போய்
ஒட்டிக்கொண்டு சொல்லும்: இங்கே.

இதைக் கொலை என்று எழுதக் கூடாது.
கருவில் கை முதலில் ஒரு துடுப்புதான்.
இடையில் இருப்பவை செத்துக் கொடுத்த பிறகே விரல்.
என் இடது காலில்
இரண்டாவதும் மூன்றாவதும் ஒட்டியே பிறந்தன.
அந்த ஒரு சந்தில் மட்டும் சாக வேண்டியது சாகவில்லை.
பள்ளிக்கூடத்தில் வாத்து என்றார்கள்.
ஜபருல்லா பார்த்துவிட்டு,
'நீச்சலுக்கு நல்லது' என்றார்.

மே மாதம். கச்சான் இன்னும் எழும்பவில்லை.
மனோலிப்புட்டிப் பக்கம் கடல்
அடுப்பில் வைத்து மறந்த தண்ணீர்.
அனுமதிச் சீட்டில் மூன்று துண்டு.
வெள்ளைப் பாரில் ஒன்று,
பாதி வெளுத்ததில் ஒன்று,
நல்ல பழுப்பில், பாசியெல்லாம் உள்ளேயே குடியிருக்கிற
திடமான பாரில் ஒன்று.
உளி பட்டதும் சின்ன மீன்கள் விலகித் திரும்பி வந்தன.

ராத்திரி இரண்டு முறை கரண்ட் போனது.
இன்வெர்ட்டர் குளிர்பெட்டிக்கு மட்டும்.
இருட்டில் ஜெல்லுக்குள் புரதங்கள்
பாதி வழியில் நின்று காத்திருந்தன, நானும்.
பிறகு சவ்வு, பிறகு பால்பவுடர் கரைசல்,
ஆயிரத்தில் ஒரு பங்காக முயல்,
முயலைத் தேடிப் பிடிக்க ஓர் ஆடு.
ஆமாம், ஆடுதான்; அதுவும் குப்பியில்.
வெளியே நிஜ ஆடுகள்
சுற்றுச்சுவரோரம் உடைநெற்று தின்றுகொண்டிருந்தன.

விடியற்காலை சாயம் ஊற்றினேன்.
வெள்ளைத் துண்டின் தடத்தில் ஒன்றுமே இல்லை.
எல்லா உயிரிலும் இருக்கிற ஆக்டின்கூட இல்லை.
சாவதற்கு அங்கே யாரும் மிச்சமில்லை.
பாதி வெளுத்ததில் ஒரு மங்கல்,
கீழே கறையா பட்டையா என்று சண்டை போடலாம்.

பழுப்புத் துண்டில்,
பதினேழு கிலோடால்டன் உயரத்தில்,
தடித்து, தெளிவாக,
அதே பழுப்பில் ஒரு கோடு.

மனிதருக்காகச் செய்த எதிர்ப்பொருள் இது.
பவளத்தில் பொய் சொல்லலாம்.
ஐஸில் வந்தது, கரண்ட் போனது,
நான் தூங்கவில்லை.
நோட்டில் இவ்வளவும் எழுதினேன்.
கோடு அப்படியே இருந்தது.

ஜெட்டியில் ஜபருல்லா
பல் குச்சியைத் துப்பிவிட்டுக் கேட்டார்:
'வெள்ளை போகட்டும்.
அந்தப் பழுப்புப் பாரு நல்லாத்தானே இருக்கு?
அங்கனதானே நம்ம பயலுவ வல போடுறது.'

இதையும் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கலக்கித்தான்
சொல்ல வேண்டும்போல.

'இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கணும்ணே' என்றேன்.

நான் சொன்னது ஜெல்லை.
அவர் கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார்.
'டீசல் கம்மியாத்தான் கெடக்கு.
போட்டுட்டு வந்துர்றேன், இரு.'